நாய்களுக்குத் தடுப்பூசி போடுங்கால்

(மரக்காணம் உப்பளக் கரையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கால்நடைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்கள் என்றவுடன் கறவை மாட்டைப் பற்றியோ வெள்ளாட்டைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நாயைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தது எங்கள் காதிலும் விழுந்தது. அதில் எமக்கு வருத்தமில்லை. ஆயினும் ஒன்று கேட்கின்றோம். இரவில் உப்புக் குவியலுக்குக் காவல் யார்? கழனியில் ஆட்டுக்கிடை போட்டால் கண் விழித்திருப்பது யார்? குப்பத்திலே வலையும் கருவாடும் கிடக்கும் மணலில் படுத்து அந்நியரைக் கண்டு குரைப்பது யார்? சம்பளம் இல்லாத அந்தக் காவற்காரனுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஊசி போடும் வேலையைப் பற்றித்தான் இன்று பேசுகின்றோம்.

ஊசி போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு கூட்டம் வேண்டியதில்லை. சுவரொட்டியே போதும். ஊசி போட்ட பின்பு சில நாய்களுக்கு ஏற்படும் ஒவ்வாமையைத் தவிர்ப்பது எப்படி, வைத்தியம் செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று நாயை வளர்ப்பவர் சரிபார்ப்பது எப்படி என்னும் இரண்டையும் மனம் விட்டுப் பேசவே வந்தோம். இவ்விரண்டையும் பேசாமல் விட்டதால் விளைந்த தீங்கை நாங்களே கண்டவர்கள். அத்தீங்கில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு முகாம் நடத்தினோம். நல்ல கூட்டம். அன்று தொண்டர் குழுவினர் சிலர் வேறு சில நாய் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் கொண்டுவந்திருந்தனர். ஒரே நாளில் இரண்டையும் போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று நாங்களும் எண்ணினோம். ஒரு மூதாட்டி சிறிய வெள்ளை நாய் ஒன்றை இடுப்பில் சுமந்து வந்தார். "போன வருசம் ஊசி போட்டதுல மூஞ்சி வீங்கிப் போச்சுங்க ஐயா" என்று அவர் சொல்லத் தொடங்கினார். பின்னால் நீண்ட வரிசை நின்றது. "ஒன்றும் ஆகாது அம்மா, பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி இரண்டு ஊசிகளையும் போட்டு அனுப்பிவிட்டோம். அவர் சொன்னதை நாங்கள் காதில் வாங்கவில்லை என்பதே உண்மை.

அரைமணி நேரம் கூட ஆகவில்லை. ஒரு பையன் ஓடி வந்தான். நாயின் கண்ணும் மூக்கும் பூசணி போல் வீங்கிவிட்டன, வாந்தி எடுக்கிறது, கால் நிற்கவில்லை என்றான். நாங்களோ பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினோம். நாய் பிழைத்தது. ஆனால் அன்று மாலைக்குள் ஊர் முழுதும் ஒரே பேச்சு: "ஊசி போட்டுக் கிழவி நாயைக் கொல்லப் பார்த்தார்கள்." அடுத்த ஆண்டு முகாமுக்கு வந்த நாய்கள் முன்னைய ஆண்டில் பாதிகூட இல்லை. அதற்கடுத்த மாசியில் வெறிகொண்ட நாய் ஒன்று அவ்வூருக்குள் புகுந்து ஒரு சினைப்பசுவையும் இரண்டு சிறுவரையும் ஊர் நாய்கள் சிலவற்றையும் கடித்தது. சிறுவர் உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொண்டதால் தப்பினர். பசு தப்பவில்லை. கடிபட்ட ஊர் நாய்களுள் எதற்கு ஊசி போட்டிருந்தது, எதற்குப் போடவில்லை என்று சொல்வாரும் இல்லை. எழுதி வைத்த ஏடும் இல்லை.

ஒரு கிழவியின் சொல்லைக் கேட்க ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் இத்தனையும் நேர்ந்திராது.

இந்நோயின் கொடுமையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நோயின் குறி தோன்றிய பின்னர் மருந்து இல்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் 18,000 முதல் 20,000 பேர் வரை இதனால் மடிவதாக உலக நலவாழ்வு அமைப்பு நெடுநாளாகக் கணித்து வந்தது. அண்மையில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகக் கேட்டுச் செய்த ஆய்வு, இத்தொகை 6,000-க்குச் சற்றுக் குறைவு என்கிறது. எந்த எண்ணைக் கொண்டாலும் இறப்பவர் பலர் சிறுவர் என்பதும், நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் நாய் என்பதும் மாறவில்லை. ஓர் ஊரில் 100-க்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியின்றி அடங்கிவிடும் என்று கண்டிருக்கிறார்கள். 2030-க்குள் நாய்வழி வரும் இந்நோயை ஒழிப்பது என்று 2021-இல் மத்திய அரசு தேசியத் திட்டம் வகுத்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அந்த எழுபதை எட்ட விடாமல் தடுப்பது பெரும்பாலும் மருந்துப் பற்றாக்குறையன்று; அச்சமே.

அச்சத்திற்கும் காரணம் இல்லாமல் இல்லை. இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலம் நினைவிருக்கும். நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் ஏற்பட்டது. கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் 1911-இல் வகுத்த முறைப்படி, ஆட்டின் மூளையில் நோய்க்கிருமியை வளர்த்துச் செயலிழக்கச் செய்து அம்மருந்தைத் தயாரித்தார்கள். பல்லாயிரம் உயிர்களை அது காத்தது. ஆனால் மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குக் கை கால் முடங்கும் கொடிய விளைவும் உண்டாயிற்று. அக்காலத்து மக்கள் ஊசிக்கு அஞ்சியது மூடநம்பிக்கை அன்று. கண்ணால் கண்டதற்கு அஞ்சினார்கள். அதற்கு அறிஞர்கள் செய்தது என்ன? ஊசியே வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. மக்கள் சொன்னது பொய் என்று ஒதுக்கவும் இல்லை. ஒவ்வாமையை எண்ணினார்கள்; காரணத்தைத் தேடினார்கள்; மூளைத் திசு இல்லாத மருந்தைக் கண்டார்கள். நம் நாட்டில் அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. இப்போது மனிதருக்குக் கையிலே போடுகிறார்கள்; வயிற்றில் அன்று. நாய்களுக்கு நாம் போடும் மருந்தும் செயலிழந்த கிருமியைக் கொண்டதே. அதனால் நாய்க்கு வெறி பிடிக்காது. ஊசி போட்டால் நாயின் காவல் குணம் போய்விடும் என்பதும் வெறும் பேச்சே.

சரி, நாய்களுக்கு ஒவ்வாமை எவ்வளவு வருகிறது? அமெரிக்காவில் 2002, 2003 ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொண்ட 12 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் ஏதேனும் ஒரு கோளாறு கண்டவை 10,000-க்கு 38 என்று தெரிந்தது. சாவு மிக அரிது. அந்த ஆராய்ச்சியில் எமக்கு முக்கியமாகப் படும் செய்தி வேறு. சிறிய நாய்களுக்குக் கோளாறு அதிகம். ஒரே வேளையில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடக் கூட அபாயமும் கூடுகிறது. 10 கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு ஒவ்வோர் அதிக ஊசிக்கும் 100-க்கு 27 பங்கும், 12 கிலோவுக்கு மேற்பட்டதற்கு 12 பங்கும் அபாயம் ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள். எங்கள் மூதாட்டியின் வெள்ளை நாயை நினைத்துக்கொள்ளுங்கள்: உருவில் சிறியது, முன்னரே ஒரு முறை வீங்கியது, ஒரே நாளில் இரண்டு ஊசி. தவறு செய்வதற்கு வேண்டிய அனைத்தையும் அன்று நாங்கள் செய்தோம்.

ஆகவே முகாமுக்கு வருபவர் முதலில் செய்ய வேண்டியது, வாயைத் திறந்து சொல்வது. முன்பு ஊசி போட்டபோது வீங்கியதா, வாந்தி எடுத்ததா, தளர்ந்து விழுந்ததா என்பதைச் சொல்லுங்கள். நாய் சினையாக இருக்கிறதா, காய்ச்சலா, கழிச்சலா, இரண்டு நாளாக உண்ணவில்லையா, வேறு மருந்து ஏதேனும் கொடுத்து வருகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர் அவசரப்படுகிறார் என்று நீங்கள் விழுங்கிவிட வேண்டாம். நோயுற்ற நாய்க்கு அன்று ஊசி போடாமல் குணமான பின்பு போடுவதே முறை. முன்பு ஒவ்வாமை கண்ட நாய்க்கு இனி ஊசியே கூடாது என்பதும் தவறு. ஊசிகளைப் பிரித்து, இரண்டு வார இடைவெளியாவது விட்டு, மருந்துகள் உள்ள இடத்தில் மருத்துவர் கண்காணிப்பில் போடலாமா என்று அவர் முடிவு செய்வார். இரண்டில் எது முதலில் என்று கேட்டால், நம் பகுதியில் வெறிநோய்க்கான ஊசிக்கே முதலிடம் என்போம்.

பார்வோ, டிஸ்டம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டு ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குட்டிப் பருவத்தில் அதை முறைப்படி போடுவது அவசியம்; கடைசி ஊசி குட்டிக்கு 16 வாரம் ஆன பின்பு விழ வேண்டும். ஆனால் வளர்ந்த நாய்க்கு இந்த நோய்களுக்கு ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்பது உலகச் சிறு பிராணி மருத்துவச் சங்கத்தின் அறிவுரை. எலிக்காய்ச்சலுக்கான பகுதி மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை வேண்டும். தேவையற்ற ஊசியைக் குறைப்பதும் ஒவ்வாமையைக் குறைக்கும் வழியே. இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வெறிநோய் ஊசியை மட்டும் நம் நாட்டு வழக்கப்படி ஆண்டுதோறும் தவறவிடாதீர்கள்.

அளவைப் பற்றிப் பலர் எங்களைக் கேட்கிறார்கள். "எங்க நாய் சின்னது, பாதி போடுங்களேன்" என்பார்கள். மாத்திரைக்கு எடைக் கணக்கு உண்டு, தடுப்பூசிக்கு இல்லை. குட்டி நாய்க்கும் பெரிய நாய்க்கும் ஒரே அளவுதான். பாதி போட்டால் ஒவ்வாமையும் குறையாது, நோயும் தடுபடாது. ஒரு புட்டியை இரண்டு நாய்க்குப் பங்கிட்டுக் காசு மிச்சம் பிடிக்கும் வைத்தியரைக் கண்டால் அவரை விட்டு விலகுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியில் வைக்க வேண்டும். உப்பளத்தில் நிழல் ஏது? பங்குனி வெயிலில் பாத்தி வரப்பில் நின்றால் கீழிருந்தும் அனல் அடிக்கிறது. அதனால் மருந்துப் பெட்டிக்குள் பனிக்கட்டி வைத்தே கொண்டுவருகிறோம். ஒரு முகாமில் பனிக்கட்டி உருகிவருவதைக் கண்ட இளைஞர் ஒருவர், எங்களுக்கு உதவி செய்வதாக எண்ணி, பக்கத்துக் குவியலிலிருந்து இரண்டு கை உப்பை அள்ளிப் பெட்டிக்குள் தூவிவிட்டார். அவர் மீன் வியாபாரம் செய்பவர். உப்புப் போட்டால் குளிர் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தது உண்மையே. உப்புக் கலந்த பனிக்கட்டி உறைநிலைக்குக் கீழே 21 டிகிரி வரைகூட இறங்கவல்லது. அதுதான் கேடாயிற்று. புட்டிகள் அனைத்தும் உறைந்துபோயின.

உறைந்த மருந்தை வெயிலில் வைத்தால் மீண்டும் நீராகும். பார்வைக்கு மருந்து போலவே இருக்கும். ஆனால் அதிலுள்ள அலுமினியச் சேர்க்கை திரிந்துவிடும். குலுக்கி வைத்தால் திரிந்த பால் போலத் துகள் அடியில் சீக்கிரம் இறங்கும். அதை நாய்க்குப் போட்டால் நோயைத் தடுக்காது; போட்ட இடத்தில் கட்டியும் கிளம்பலாம். அன்று அத்தனை மருந்தையும் கழித்துவிட்டு முகாமையே நிறுத்தினோம். நாயைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தவர்கள் எங்களைத் திட்டினார்கள். திட்டியது நியாயமே, எனினும் நிறுத்தியதும் சரியே. அந்த இளைஞர் இப்போது ஒவ்வொரு முகாமுக்கும் முன்னதாகவே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, யாரும் உப்பைக் கிட்டே கொண்டுவராமல் காவல் காக்கிறார். மீன் பெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டி, கடல்நீர் பட்ட பனிக்கட்டி இவையும் ஆகா. பனிக்கட்டியின் மேல் புட்டியை நேராக வைக்காமல் இடையே ஒரு துணியோ அட்டையோ இட வேண்டும்.

மருத்துவரை நாயின் சொந்தக்காரர் சரிபார்க்கலாமா, அது மரியாதைக் குறைவல்லவா என்று கேட்பவர் உண்டு. நீங்கள் உப்பு மூட்டையை எடை போடும்போது விற்பவர், வாங்குபவர் இருவரும் தராசின் முள்ளைப் பார்க்கிறீர்கள். ஒருவரை ஒருவர் திருடன் என்று எண்ணியா பார்க்கிறீர்கள்? இருவர் பார்த்தால் பிசகு நேராது என்பதற்காகவே பார்க்கிறீர்கள். புட்டியையும் அப்படியே பாருங்கள். அதன் மேல் மருந்தின் பெயர் இருக்கும். தொகுதி எண் இருக்கும். எந்த மாதத்தோடு காலாவதியாகிறது என்று அச்சிட்டிருக்கும். எழுத்துப் பொடியாக இருந்தால் பள்ளியில் படிக்கும் உங்கள் பெண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். புட்டியை எதிலிருந்து எடுத்தார்கள், சட்டைப் பையிலிருந்தா குளிர்ப் பெட்டியிலிருந்தா என்று கவனியுங்கள். ஒவ்வொரு நாய்க்கும் புது ஊசி மாற்றுகிறார்களா என்று பாருங்கள். போட்ட பின்பு மருந்தின் பெயரையும் தொகுதி எண்ணையும் தேதியையும் உங்கள் அட்டையில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பின்னால் ஏதேனும் நேர்ந்தால் அந்தத் தொகுதி எண் ஒன்றே எதனால் நேர்ந்தது என்று தேடும் வழி. இவற்றைக் கேட்டால் நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். கோபித்தால், அவர் அன்று காலையுணவு உண்ணவில்லை என்று எண்ணி மறுபடியும் கேளுங்கள்.

யாரிடம் வைத்தியம் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று மன்றத்தில் பதிவு செய்தவரே மருத்துவர். கால்நடை ஆய்வாளர் முதலியோர் மருத்துவரின் மேற்பார்வையில் சில பணிகளைச் செய்யலாம். பையில் ஊசிக் குழலோடு சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் "மாட்டுக்கும் போடுவேன், நாய்க்கும் போடுவேன்" என்பவர் இவ்விரு வகையிலும் சேராதவர். பதிவு எண் என்ன என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு பெற்ற மருத்துவரே சொன்னாலும் மனத்தில் ஐயம் இருந்தால் வேறொருவரைக் கேட்பதும் குற்றமன்று. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. நாள்பட்ட நோய்க்கும் புரியாத நோய்க்கும் அங்கே கொண்டுபோகலாம். போகும்போது இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். முதல் மருத்துவருக்குத் தெரியாமல் மறைக்கவும் வேண்டாம். இருவர் கொடுத்த மருந்தும் ஒன்றோடொன்று மோதினால் அவதிப்படுவது நாய்தான்.

ஊசி போட்டாயிற்று. அடுத்த அரைமணி நேரம் எங்கும் போகாதீர்கள். கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தலைகாட்டும். முகம் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, ஓயாத அரிப்பு, அடுத்தடுத்து வாந்தி, கழிச்சல், ஈறு வெளுத்தல், தள்ளாடி விழுதல் இவையே அடையாளம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அட்ரினலின் முதலிய மருந்துகள் அவர் கையில் இருக்கும். இல்லை என்றால் முகாமையே தொடங்கவிடாதீர்கள். "அந்த மருந்தை எடுத்துக் காட்டுங்கள்" என்று ஊராட்சித் தலைவரே முதலில் கேட்கலாம். வீட்டுக்குச் சென்ற பின்பு நேர்ந்தால், 1962 என்னும் எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைப் பற்றிக் கேட்டறியலாம். அது வரும் வரை காத்திராமல் அருகிலுள்ள மருந்தகத்திற்குத் தூக்கிக்கொண்டு விரைவதும் நன்று. மயங்கிய நாயின் வாயில் நீரோ எண்ணெயோ மோரோ ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலில் இறங்கிவிடும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது. மனிதருக்கு இதமான பல மாத்திரைகள் நாயின் குடலையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை.

ஓரிரு நாள் சோர்ந்து படுத்தல், சோற்றைப் பாதி விடுதல், ஊசி போட்ட இடத்தில் சிறு தடிப்பு, இவை சாதாரணம், தாமே சரியாகும். தடிப்பு நாளுக்கு நாள் பெருத்தாலோ, நெடுநாள் கரையாமல் நின்றாலோ காட்டுங்கள்.

ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்தது என்று சொல்லிவிடவும் இயலாது. உச்சி வெயிலில் உப்பளச் சாலையில் இரண்டு கல் தூரம் நாயை நடத்தி வந்தால் அது வெயிலாலேயே இளைத்து விழும். தாகம் பொறுக்காமல் பாத்தி நீரைக் குடித்த நாய் வாந்தி எடுக்கும். அதிகம் குடித்தால் வலிப்பும் காணும். அது உப்பின் நஞ்சு. ஊசியின் நஞ்சு அன்று. இந்தக் குழப்பம் நேராதிருக்க முகாம் நடக்கும் இடத்தில் பந்தலும் நாய்களுக்கு நல்ல தண்ணீர்த் தொட்டியும் ஊராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். செலவு சிறிது, அதனால் அடங்கும் வதந்தி பெரிது.

நேரத்தைப் பற்றியும் ஊராட்சிதான் யோசிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முகாம் என்று அலுவலகத்தில் இருந்துகொண்டு எழுதிவிடுகிறோம். விடியுமுன் பாத்திக்குப் போன தொழிலாளி அப்போது உப்பு வாரிக்கொண்டிருக்கிறார். கூலியை விட்டு வந்தால் ஊசி போட்டவுடன் ஓடத்தான் பார்ப்பார். அரைமணி நேரம் உட்கார் என்றால் எப்படி உட்காருவார்? மாலையில் வைத்தாலோ, இரவில் ஏதேனும் நேர்ந்தால் மருத்துவர் எட்டாத் தொலைவில் இருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் ஓய்ந்திருக்கும் நாட்களில், மழை விட்ட ஒரு காலைப் பொழுதைத் தேர்ந்தெடுப்பது எமக்குச் சிறந்ததாகத் தோன்றுகிறது. உப்புக் காலத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் அளத்துக்காரரோடு பேசி அன்றொரு நாள் அரை வேளைக் கூலியைப் பிடிக்காமல் விடச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் ஜூலை 6 அன்று, பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்த ஊசியைப் போட்ட நாளின் நினைவாக, அரசு கால்நடை மருத்துவமனைகளில் முகாம்கள் நடக்கும். செப்டம்பர் 28-உம் அத்தகைய நாளே. அந்த நாட்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஊராட்சியில் ஒரு பதிவேடு வையுங்கள். வீட்டுக்காரர் பெயர், நாயின் நிறம், ஊசி போட்ட தேதி, தொகுதி எண், ஒவ்வாமை ஏதும் கண்டதா என்னும் ஒரு பத்தி, இவ்வளவே போதும். சொந்தக்காரர் இல்லாத தெரு நாய்களை, எந்தத் தெருவில் எத்தனை என்று தனிப்பக்கத்தில் குறியுங்கள். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றுக்குக் கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பு உள்ளாட்சிக்கு உண்டு. அந்த ஏட்டைக் கிராம சபையில் படியுங்கள். ஒவ்வாமை கண்ட நாய் எத்தனை, அவை பிழைத்தனவா என்பதையும் மறைக்காமல் படியுங்கள். மறைத்தால் ஒன்று பத்தாகிப் பேசப்படும். படித்தால் ஒன்று ஒன்றாகவே நிற்கும்.

ஊசி போட்ட நாயே கடித்தாலும் அலட்சியம் கூடாது. கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் அப்புவது இன்னும் சில குடிசைகளில் நடக்கிறது. அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. நம் பக்கத்துப் பெட்டை நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் குட்டி போடுகின்றன. உப்பளக் கொட்டகை ஓரத்திலும் சவுக்குத் தோப்பிலும் இப்போது கண் திறக்காத குட்டிகள் கிடப்பதை வரும் வழியிலே கண்டோம். மூன்று மாதம் நிறைந்தவுடன் அவற்றுக்கு முதல் வெறிநோய் ஊசி போட வேண்டும். அது உப்பு வாரும் மும்முரமான காலத்தில் வந்து விழும், யாருக்கும் நினைவிருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் குட்டிகள் இருக்கும் இடம் ஒன்று விடாமல் தெரியும். அவர்களைக் கொண்டு இந்த வாரமே எண்ணி, பிறந்த நாளை ஏட்டில் எழுதி, எங்களுக்கு அனுப்பிவையுங்கள். நாள் குறித்துப் பெட்டியோடு வருகின்றோம். அந்த வெள்ளை நாய் வளர்த்த மூதாட்டி அவர்கள் இன்று முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார்கள். முதற் கேள்வியை அவர்களே கேட்கட்டும்.